ஒத்தை பூட்ஸும் கே-31உம்: பினாங்கில் ஆறு நாள்

முதல் நாள்

விடுப்பு கேட்டபோது மேலதிகாரி, "பினாங்கா? சாப்பிடத்தானே போறீங்க?" என்றார். சேறு அள்ளப் போகிறேன் என்றால் நம்பமாட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

கோலாலம்பூர் கே.எல். சென்ட்ரலில் காலை ரயில். பட்டர்வொர்த் போய்ச் சேர நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆனது. அங்கிருந்து ஃபெர்ரி. காரையும் மனிதர்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு ஆடி ஆடிப் போகும் அந்தப் பழைய இரட்டைத் தட்டு ஃபெர்ரிகள் 2020 முடிவோடு ஓய்வு பெற்றுவிட்டன. 2023இல் வந்த புதிய படகுகளில் ஆளும் மோட்டார் சைக்கிளும் மட்டும்தான். குளிர்சாதனம் இருக்கிறது, வேகம் இருக்கிறது. எனக்கென்னவோ காற்றில் தலை கலையாமல் பினாங்கு போய்ச் சேர்ந்தது போலவே இல்லை.

நான் கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். ரத்தம், சளி, சிறுநீர், சீழ். பிளேட்டில் வளர்ந்த கிருமியைக் குச்சியால் தொட்டு உலோகத் தகட்டில் தடவி இயந்திரத்துக்குள் தள்ளினால், அது லேசரால் சுட்டு, பறக்கும் புரதங்களின் எடையை அளந்து, சில நிமிடங்களில் பெயர் சொல்லிவிடும். கூடவே ஒரு மதிப்பெண். 2.0க்கு மேல் வந்தால் இனம் வரை நம்பலாம். 1.7க்குக் கீழே என்றால் இயந்திரத்துக்குத் தெரியவில்லை. எங்களைப் பொறுத்தவரை அது ஒரு தலைவலி. மறுபடி தடவு, மறுபடி ஓட்டு, மேலே டாக்டர் காத்திருக்கிறார்.

சித்தி மகள் இங்கே பினாங்கில் முனைவர் பட்டம் செய்கிறாள். ஆற்று முகத்துவாரச் சேற்றில் வாழும் பாக்டீரியா அவள் துறை. போன வருடம் அவளிடமிருந்து ஒரு செய்தி: "அக்கா, என் கிருமிக்குப் பேரே இல்ல!" கூடவே பட்டாசு படம் நாலு. எனக்குத் தலைவலி, அவளுக்குத் தீபாவளி. அதைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

இரண்டாம் நாள்

அமாவாசைக்கு மறுநாள். தண்ணீர் நன்றாக வற்றும், ஆனால் விடிகிற நேரத்தில். ஐந்து மணிக்கே கிளம்பி இரண்டாவது பாலத்தில் ஏறினோம். 24 கிலோமீட்டர், 2014இல் திறந்தது. இருட்டில் இரண்டு பக்கமும் கடல் இருப்பதே தெரியாது, காற்று காரைத் தள்ளும்போதுதான் தெரியும்.

நிபோங் திபாலில் எங்கள் மாமா இருக்கிறார், என் அம்மாவுக்கும் சித்திக்கும் தம்பி. முப்பது வருடம் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், அப்புறம் செம்பனை வந்ததும் குலை வெட்டினார். இப்போது ஓய்வு, ஒரு சின்னப் படகு, ஒரு மோட்டார். ராத்திரியில் சுற்றுலாக்காரர்கள் மின்மினி பார்க்க வரும் அதே கிரியான் ஆறு.

"சேத்துக்கு இவ்வளவு தூரமா? எங்க வீட்டு வடிகால்லயே இருக்கே," என்றார் மாமா, மோட்டார் கயிற்றை இழுத்தபடி.

தங்கை ஏற்கனவே இங்கிருந்து சேறு எடுத்து, அதிலிருந்து ஐம்பதுக்கு மேல் கிருமிகளைப் பிரித்து வைத்திருக்கிறாள். கே என்றால் கிரியான். கே-1, கே-2 என்று எண். அதில் இரண்டு புதியவை என்று அவள் நினைக்கிறாள்: அழகான ஆரஞ்சு நிற கே-17, மாவு கரைத்தது போல் வெளிறிய கே-31. பேரினத்தின், அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த கூட்டத்தின், பெயரை இங்கே எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கட்டுரை வெளிவரும்வரை அது குடும்ப ரகசியம். மறுபடியும் ஏன் சேறு? ஒரே ஒரு கிருமியை வைத்துக்கொண்டு ஓர் இனத்தையே விவரித்தால், "ஒருவரைப் பார்த்துவிட்டு ஊரைப் பற்றி எழுதுகிறாயா?" என்று கேட்பார்கள். அதே இடத்தில் இரண்டாவது ஒன்று கிடைத்தால் கட்டுரைக்கு முதுகெலும்பு வரும்.

வலது காலில் செருப்பு கடித்த சின்னப் புண். தங்கை அதைப் பார்த்ததும் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி, தன்னிடமிருந்த மாற்று ரப்பர் பூட்ஸை மாட்டச் சொன்னாள். சண்டை போடவில்லை, காரணம் எனக்கே தெரியும். இந்தப் பக்கத்து ஈர மண்ணில் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லேய் என்று ஒன்று உண்டு. புண் வழியாக நுழையும், மெலியோய்டோசிஸ் வரும், நீரிழிவுக்காரர்களைப் படுக்கையில் தள்ளும். அந்த நோய்க்கு அந்தப் பெயரை வைத்தவர்களே கோலாலம்பூரில் வேலை பார்த்த ஸ்டான்டனும் ஃப்ளெட்சரும்தான். இதே கிருமி என்று நினைத்திருந்த, ஆனால் ஆளை அநேகமாக ஒன்றும் செய்யாத ஒரு வகையை 1998இல் தனி இனமாகப் பிரித்து தாய்லாந்தென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். பிளேட்டில் இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். இயந்திரத்தின் பட்டியலில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் மற்றதையும் அந்தப் பெயரிலேயே கூப்பிட்டுவிடும். எங்கள் வேலையில் வகைப்பாடு என்பது அலமாரி அடுக்குவது இல்லை என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

படகு சேற்றில் தட்டி நின்றது. பக்காவ் மரங்களின் வேர்கள், ஊரில் சுரபுன்னை என்பார்களே, அதுதான், கூடாரக் கம்பிகள் மாதிரி வளைந்து இறங்குகின்றன. சேற்றின் மேலே தத்தித் தாவும் குட்டி மீன்கள், மலாயில் பெலாச்சாக். தங்கை ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயின் முகத்தில் விட்டு வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தாள். ஆயிரத்துக்கு 18 பங்கு உப்பு. திறந்த கடலில் இது 35 வாக்கில் இருக்கும். இங்கே வாழும் எதுவும் ஒரு நாளைக்கு இரண்டு தரம் உப்பு கூடிக் குறைவதைத் தாங்க வேண்டும்.

அப்புறம் அவள் எடுத்த கருவியைப் பார்த்து மாமா சிரித்தே விட்டார். முனை வெட்டிய பெரிய ஊசிக்குழல். வெட்டிய பக்கத்தைச் சேற்றில் அழுத்தி, பிஸ்டனைப் பிடித்து உருவினால், பலகாரம் பிழிகிற அச்சில் மாவு நிற்பது போலச் சேறு அடுக்கு குலையாமல் நிற்கிறது. மேலே சில மில்லிமீட்டருக்குப் பழுப்பு. அதற்குக் கீழே மை மாதிரி கறுப்பு. பழுப்பு வரைதான் காற்று. கீழே ஆக்சிஜன் இல்லாமல் கடல்நீரின் சல்ஃபேட்டை வைத்து மூச்சு விடும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை விடும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அழுகிய முட்டை வாடை. அதுவே இரும்போடு சேர்ந்தால் அந்தக் கறுப்பு. தங்கைக்கு வேண்டியது பழுப்பும், அதை ஒட்டி ஒரு விரல் கனமும். பையில் போட்டு, நேரம், இடம், ஆழம் எழுதி, ஐஸ் பெட்டிக்குள்.

மூன்றாவது குழலை நான் எடுக்கிறேன் என்று வீரம் பேசி இரண்டடி முன்னால் வைத்தேன். இடது கால் முழங்கால் வரை போனது. மாமா கையைப் பிடித்து இழுத்தார், கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. கையை விட்டுத் துழாவியும் பயனில்லை, ஏத்தம் வேறு தொடங்கிவிட்டது. ஒத்தை பூட்ஸோடு வீடு திரும்பினேன். அத்தை என் காலைப் பார்த்துவிட்டு வாசலிலேயே குழாயடியில் நிறுத்திவிட்டார்.

போகும்போது ஒரு டப்பா நிறைய தேங்காய்ப்பால் அகர்-அகர் கொடுத்தார். அது நாளைக்கு.

மூன்றாம் நாள்

ஆய்வுக்கூடம். சேறு ஒரு கிராம், கிருமி நீக்கிய கடல்நீர் ஒன்பது மில்லி, நன்றாகக் குலுக்கு. அதிலிருந்து ஒரு மில்லி எடுத்து அடுத்த ஒன்பதில். இப்படி ஆறு குழாய். ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பத்து மடங்கு நீர்த்தது. ஆறாவதில் பத்து லட்சம் மடங்கு. கடைசி மூன்றிலிருந்தும் பத்தில் ஒரு மில்லி எடுத்து கடல்நீர் உப்பு சேர்த்த அகர் பிளேட்டில் பரப்பு. கை பழக்கம் என்பதால் இதை நானே செய்தேன். ஆனாலும் வேதனையான கணக்கு ஒன்று உண்டு. ஒரு கிராம் சேற்றில் கோடிக்கணக்கில் உயிர் இருக்கிறது. பிளேட்டில் எழுந்து நின்று முகம் காட்டுவது பொதுவாக நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மிச்சமெல்லாம் நம் சாப்பாடு பிடிக்காதவை.

மதியம் வெளியே மரத்தடியில் அத்தையின் டப்பாவைத் திறந்தோம். மேலே வெள்ளையாகத் தேங்காய்ப்பால், கீழே பாண்டான் இலைப் பச்சை. கரண்டி பட்டதும் துல்லியமாக வெட்டுப்படுகிறது. இந்த வெயிலிலும் உருகவில்லை. அதுதான் விஷயம். 1881 வாக்கில் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் கூடத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்பவர் ஜெலட்டினில் கிருமி வளர்த்துத் திண்டாடிக்கொண்டிருந்தார். கோடை வந்தால் ஜெலட்டின் உருகும். உருகாவிட்டால் கிருமியே அதைத் தின்று கூழாக்கும். அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே சமையலறையிலிருந்து யோசனை சொன்னார்: அகர்-அகர் போட்டுப் பாருங்கள். அந்தப் பொருளை அவருக்கு அறிமுகம் செய்தவர்கள் ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்தவர்கள். கோக் 1882இல் காசநோய்க் கிருமி பற்றி எழுதியபோது அகரைக் குறிப்பிட்டார், ஃபேனியைக் குறிப்பிடவில்லை. உலகத்து ஆய்வுக்கூடம் எல்லாவற்றிலும் இன்றும் பேசப்படும் மலாய் வார்த்தை ஒன்று உண்டென்றால் அது அகர்தான். அத்தைக்கு இதை போனில் சொன்னேன். "சீனி சரியா இருந்துச்சா?" என்றார்.

நான்காம் நாள்

மழை. நாள் முழுக்கக் கணினி. கே-17 செத்த நாள்.

விளக்குகிறேன். பாக்டீரியாவுக்கு மூக்கு முழி கிடையாது. கோல் வடிவமா, உருண்டையா, கிராம் சாயத்தில் ஊதாவா, சிவப்பா என்று 1884இலிருந்து பார்த்து வருகிறோம். அதை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது, தெருவைக்கூடச் சந்தேகத்தோடுதான். எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும், மெதுவாக மட்டும் மாறும் ஒரு மரபணுவை அடையாள அட்டையாக எடுத்துக்கொண்டார்கள்: செல்லுக்குள் புரதம் கட்டும் ரைபோசோமின் 16எஸ் பகுதிக்கான மரபணு, ஏறக்குறைய 1,500 எழுத்து நீளம். கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் அந்த மூலக்கூற்றை ஒப்பிட்டுத்தான் 1977இல் ஆர்க்கியா என்ற தனிக் குலத்தையே பிரித்துக் காட்டினார்கள். முன்பு 97 சதவீதத்துக்குக் கீழே ஒற்றுமை என்றால் புது இனம் என்பார்கள். இப்போது கோடு 98.7 வாக்கில். அதாவது 1,500இல் இருபது எழுத்து வேறுபட்டாலே நிமிர்ந்து உட்காரலாம்.

போன வருடம் தங்கை தேடியபோது கே-17க்கு மிக நெருங்கிய சொந்தம் 98.2 சதவீதத்தில் நின்றது. பட்டாசு வெடித்தது அதற்குத்தான். இன்று, எழுதத் தொடங்குவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை என்று தேடினாள். 99.8. திரையை நான் எட்டிப் பார்ப்பதற்குள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுவிட்டாள். இடையில் வேறு ஏதோ ஒரு கடற்கரையில் யாரோ அதைப் பிடித்து, விவரித்து, பெயரும் வைத்துவிட்டார்கள்.

16எஸ் நெருங்கிவிட்டால் அது மட்டும் தீர்ப்பு இல்லை. முழு மரபணுத்தொகுதியையும் ஒப்பிட வேண்டும். ஒன்றின் டி.என்.ஏ வரிசையைத் துண்டு துண்டாக்கி மற்றதில் பொருந்தும் இடத்தைத் தேடி, பொருந்தியவற்றின் ஒற்றுமைக்குச் சராசரி எடுக்கிறார்கள். ஏ.என்.ஐ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 95–96க்கு மேலே போனால் ஒரே இனம். இதற்கு முன்னால், இரண்டு டி.என்.ஏவையும் சூடாக்கிப் பிரித்து ஒன்றோடொன்று ஒட்ட வைத்துப் பார்ப்பார்கள்; 70 சதவீதம் ஒட்டினால் ஒரே இனம் என்று 1987இல் முடிவு செய்தார்கள். இப்போது அதையும் கணினியே கணித்துவிடும். கே-17இன் ஏ.என்.ஐ 98.3. அவ்வளவுதான்.

"அழகா இருந்துச்சுக்கா," என்றாள். இருந்தது. ஆரஞ்சு பளபளப்பு.

கே-31ஐ அடுத்து ஓட்டினோம். எனக்குக் கை வியர்த்தது என்றால் சிரிப்பீர்கள். 16எஸ் 97.9. ஏ.என்.ஐ 82. டி.என்.ஏ ஒட்டுதல் கணக்கு 24. இன்றைய தேதிக்கு, மாவுக் கரைசல் நிற்கிறது. புதியது என்று சொல்ல ஒரு நாள் போதும் போல. பழையவற்றில் எதுவும் இது இல்லை என்று காட்டத்தான் இரண்டு வருடம் ஆகிறது. பாக்டீரியாக்களுக்கு முறைப்படி வைத்த இனப் பெயர்கள் இருபதாயிரத்துக்கு மேல்; 1980 ஜனவரி 1ஆம் தேதி பழைய குப்பையை எல்லாம் ஒதுக்கிப் புதுப் பட்டியல் தொடங்கியதிலிருந்து சேர்ந்துகொண்டே போகிறது.

இன்னும் மிச்சம் இருக்கிற வேலையைக் கேட்டால் மலைப்பு. நெருங்கிய சொந்தக்காரக் கிருமிகளை வெளிநாட்டுச் சேகரிப்பு மையங்களிலிருந்து விலைக்கு வாங்கி, அதே அகரில் அதே சூட்டில் பக்கத்தில் வளர்த்து, செல் சவ்வின் கொழுப்பு அமிலங்கள், மூச்சு விட உதவும் குயினோன்கள், எத்தனை சதவீத உப்பில் வளரும், எந்தச் சர்க்கரையைத் தின்னும் என்று வரிசையாக ஒப்பிட வேண்டும். வேறு நாளில் வேறு சூட்டில் வளர்த்தால் கொழுப்புக் கணக்கே மாறிவிடும்.

ஐந்தாம் நாள்

பிளேட்டுகளுக்கு வேலை இருக்கிறது, எங்களுக்கு இல்லை. காலை குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில். அப்புறம் லிட்டில் இந்தியாவில் ஒரு புடவை, தேவையில்லாதது. மதியம் நாசி கண்டார்; வரிசையில் முக்கால் மணி நேரம், சாப்பிட எட்டு நிமிடம். மேலதிகாரிக்குப் படம் அனுப்பினேன், மனசாட்சிக்காக.

ஆறாம் நாள்

பிளேட்டில் காலனிகள், கிருமி பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகள். நாலாவது குழாயின் பிளேட்டில் முப்பத்தெட்டு எண்ணினேன். மஞ்சள், ரோஸ், கண்ணாடி போல் ஒன்று, பிளேட்டையே மொழுகிவிட்ட சளி போல் ஒன்று. மாவு நிறத்தில் ஐந்து. ஓரம் சீராக, நடுவில் மட்டும் லேசாகக் குழிந்தவை மூன்று. கே-31இன் முகம் அது. கம்பி வளையத்தைச் சுட்டு, ஆற வைத்து, ஒன்றைத் தொட்டு புது பிளேட்டில் நாலு பக்கமும் கோடிழுத்தேன். ஒவ்வொரு பக்கமும் முந்திய கோட்டிலிருந்து கொஞ்சம் மட்டும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். கடைசிப் பக்கத்தில் தனித்தனிப் புள்ளியாக வரும். அதை மூன்று நாலு தடவை செய்தால்தான் சுத்தம் என்று நம்பலாம். அதற்குள் நான் கே.எல்.லில் சிறுநீர் மாதிரிகளோடு இருப்பேன்.

ஊருக்குக் கிளம்புமுன் மாமா வீட்டில் மதியச் சாப்பாடு. வாழை இலையில் நண்டுக் குழம்பு. பேச்சு பெயருக்குப் போனது.

"நம்ம பேரையே வச்சிர வேண்டியதுதானே? உன் பேரை வையி."

"தன் பேரைத் தானே வைக்கக் கூடாது மாமா, மரியாதை இல்ல. ஊர் பேர் வைக்கலாம்."

ஊர் என்றால் லத்தீன் வால் ஒட்ட வேண்டும்: கெரியானென்சிஸ். அதுவும் பேரினம் ஆண்பாலா, அலிப்பாலா என்று பார்த்து வால் மாறும். மலேசியா பெயரை ஏற்கனவே சில கிருமிகள் சுமக்கின்றன. அவற்றில் இரண்டு: 1999இல் ஸ்ட்ரெப்டோமைசெஸ் மலேசியென்சிஸ், 2014இல் நம் அலையாத்திக் காட்டுச் சேற்றில் கிடைத்த நோவோஸ்பிங்கோபியம் மலேசியென்ஸே. ஒரே ஊர், இரண்டு வால். "நம்ம ஆளுங்க இனிஷியல் மாதிரி," என்றார் அத்தை. யாருக்கும் புரியவில்லை, ஆனால் எல்லோரும் சிரித்தோம்.

மாமாவுக்கு வேறு ஒன்று உறுத்தியது. பெயர் செல்லுபடியாக வேண்டுமென்றால் உயிருள்ள கிருமியை இரண்டு வெவ்வேறு நாடுகளின் சேகரிப்பு மையங்களில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். யார் கேட்டாலும் அவர்கள் கொடுக்க வேண்டும். ஒன்று ஜெர்மனியில் ப்ரவுன்ஷ்வைக் நகரத்து மையமாக இருக்கலாம் என்றாள் தங்கை.

"என் ஆத்துச் சேத்துல உள்ளது ஜெர்மனிக்குப் போகுதா? நாளைக்கு அதுல மருந்து எடுத்தா காசு யாருக்கு?"

நல்ல கேள்வி. அதற்காகத்தான் உயிரியல் வளங்களை அணுகவும் பயனைப் பகிரவும் 2017இல் இங்கே சட்டம் போட்டார்கள். இந்தியா 2002லேயே போட்டுவிட்டது. ஒரு பக்கம் அறிவியல் விதி, எல்லோருக்கும் கொடு என்கிறது. இன்னொரு பக்கம் சட்டம், கேட்காமல் கொடுக்காதே என்கிறது. தங்கையின் மேஜையில் அனுமதிப் படிவங்கள் தனிக் கோப்பாக இருப்பதை நான் பார்த்தேன். கே-31இன் கோப்பைவிடத் தடிமன். மாமா கேட்டது நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. அவருக்குச் சொல்ல எங்களிடம் முழுப் பதில் இல்லை.

ரயில் தாப்பாவைத் தாண்டும்போது மாமாவிடமிருந்து அழைப்பு.

"உன் பூட்ஸ் கெடச்சிருச்சு. தண்ணி வத்துனப்போ வேர்ல மாட்டியிருந்துச்சு. உள்ள பூரா சேறு. கழுவவா, இல்ல அதையும் ஐஸ் பெட்டில போட்டுத் தங்கச்சிக்கிட்ட குடுக்கவா?"